மதினிக்கு, மார்கழிக் கல்லைப் பற்றி

மதினி,

வருகிற கார்த்திகையில் மறுபடி ஆற்றுக் கல்லில் பெயிண்டால் கோலம் போடுவது என்று குழுக் கூட்டத்தில் தீர்மானம் எழுதிவிட்டோம். பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், அப்புறம் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வேறு யார் வாயிலாகவும் இது உங்கள் காதுக்கு வரக் கூடாது. போனில் சொல்லலாம் என்றால், சாப்பிட்டியா, அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவீர்கள்.

குழுப் பெண்கள் இதைப் படிப்பார்கள், அண்ணன் பிள்ளைகளும் படிப்பார்கள். அதனால் கடன் கணக்கைப் பற்றியோ வீட்டு விஷயத்தையோ இங்கே எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நடந்ததை மட்டும் பேசிவிடுகிறேன்.

2023 டிசம்பர் 17, மார்கழி முதல் நாள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் கொட்டியது என்று பின்னால் பேப்பரில் பார்த்தோம். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நகர முடியாமல் நின்றது. தண்ணீர் வடியத் தொடங்கிய அன்று, வகுப்பறை பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பெண்கள் ஈரச் சேலையோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மிச்சம் இருக்கும் அரிசி ராத்திரிக்குக் காணுமா என்ற கவலையில் நான் சோற்று அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றேன். நீங்கள் சேற்றுக் காலோடு உள்ளே வந்தீர்கள், கையில் மஞ்சள் துணிப்பை. பருப்பு வந்திருக்கிறது என்று ஒருத்தி எழுந்தேவிட்டாள். நீங்கள் பையைத் தரையில் வைத்தபோது கேட்ட சத்தத்தில் எனக்குப் புரிந்துவிட்டது.

பொங்கலுக்குக் கொடுக்க நாம் கோலம் போட்டு வைத்திருந்த மார்கழிக் கற்கள். உங்கள் வீட்டில் கழுத்தளவு தண்ணீர் ஏறி, பீரோ சாய்ந்து, ரேஷன் கார்டு கூழாகிப் போயிருந்தது. அடுப்படிச் சேற்றுக்குள் அந்தக் கற்கள் மட்டும் வைத்த இடத்திலேயே கிடந்திருக்கின்றன. கழுவித் துடைத்து எடுத்து வந்திருந்தீர்கள். கறுப்புக் கல்லில் வெள்ளைச் சிக்குக் கோலம், ஒரு புள்ளிகூட உரியவில்லை. ஒவ்வொருத்தி மடியிலும் ஒன்றாக வைத்துக்கொண்டே போனீர்கள்.

"சோத்துக்கு இல்லாம கெடக்காளுவ, நீங்க கல்லக் கொண்டாந்து குடுக்கீங்களே!"

அத்தனை பேர் முன்னால் அப்படிக் கத்தியதற்கு என்னை மன்னித்துவிடுங்கள் மதினி. ஆனால் சொன்ன சொல்லை இன்றைக்கும் என்னால் திருப்பி எடுத்துக்கொள்ள முடியவில்லை. ரோடு அறுந்து கிடந்தது. ஹெலிகாப்டரில் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பால் பவுடர் கேட்டுக் கைக்குழந்தைக்காரி ஒருத்தி என் முந்தானையைப் பிடித்தபடி நின்றாள். நீங்கள் ஒன்றும் பேசவில்லை. மீதிக் கற்களையும் கொடுத்து முடித்தீர்கள், பையை மடித்து இடுப்பில் செருகினீர்கள், வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டீர்கள்.

பதிலுக்கு ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். அண்ணன் போன பிறகு உங்களிடம் திட்டு வாங்காமல் எனக்கு ஒரு வாரம் போனதுண்டா? அதைவிட்டு, மகன் கூப்பிடுகிறான் என்று கோயம்புத்தூருக்குக் கிளம்பினீர்கள். பெயிண்ட் பெட்டியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனீர்கள். நான் நாலு வீடு தள்ளித்தானே இருந்தேன்? இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

அந்தக் கற்களை யாரும் தூக்கிப் போடவில்லை. அன்று வாங்கியவர்கள் வீடுகளில் இப்போதும் பார்க்கிறேன், டிவி மேல், சாமி அலமாரியில். தெருக்கோடி ஆச்சி புதிதாகக் கட்டிய வீட்டில் வாசல் மாடத்தில் வைத்திருக்கிறாள். "ஒங்க மதினி எப்ப வருவா?" என்று என்னைக் காணும்போதெல்லாம் கேட்கிறாள். நான் என்ன சொல்லட்டும்?

பாபநாசத்தில் நாம் கல் பொறுக்கியது ஞாபகம் வருகிறது. நம் ஊரில் ஆறு வெறும் மணல்தானே. தண்ணீருக்குள் பளபளக்கிற கல்லை நான் எடுத்துக் காட்டினால், "காயட்டும், அப்புறம் சொல்லு" என்று கரையில் போட்டுவிடுவீர்கள். காய்ந்ததும் அது சொரசொரவென்று வெளிறிப் போய்க் கிடக்கும். உள்ளே ஈரம் இருந்தால் பெயிண்ட் கொப்பளிக்கும் என்று கழுவிய கல்லை நாள் கணக்கில் வெயிலில் போட்டு வைப்பீர்கள், எங்களுக்குப் பொறுமை போய்விடும். பெரிய புள்ளிக்குப் பிரஷின் பின்கட்டை, சின்னப் புள்ளிக்கு ஈர்க்குச்சி. ஒரு தடவை தொட்டு நாலு புள்ளி வைத்தால் வரவரச் சிறுத்துவிடும், ஒவ்வொரு புள்ளிக்கும் தொட வேண்டும் என்று என் கையைப் பிடித்து வைத்தீர்கள். புதிதாக வந்த பெண்களுக்கு இப்போது நான் அதையே சொல்கிறேன், உங்கள் குரலிலேயே.

இன்னொன்று. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைக்கு மாப்பிள்ளை பெண் பெயர் எழுதிக் கல் கேட்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டோம். உங்களுக்குப் பிடிக்காது. கண்காட்சியில் பத்தமடைப் பாய்க்கும் காருகுறிச்சிப் பானைக்கும் நடுவில் கல்லை அடுக்கியிருந்தபோது, "ஆத்துல கெடக்குற கல்லுக்கா காசு?" என்று ஒருவர் கேட்டதோடு விற்பதையே விட்டவர் நீங்கள். ஆனால் குழுவில் பாதிப் பேருக்கு அந்தக் காசு பிள்ளைகளின் பீஸ். உங்கள் ரோஷத்துக்காக அவர்களைக் காக்க வைக்க எனக்கு மனசில்லை. மார்கழிக் கல் மட்டும் விற்பனைக்கு இல்லை, கையில் கொடுப்பதுதான். அதையும் தீர்மான நோட்டில் எழுதச் சொன்னேன்.

எங்கள் வார்னிஷ் அடித்த கொஞ்ச நாளிலேயே வெள்ளையை மஞ்சளாக்கிவிடுகிறது. அத்தனை தண்ணீரில் ஊறியும் உங்கள் கல் வெளுப்பாகவே இருக்கிறது. எந்த வார்னிஷ், எத்தனை கோட், எவ்வளவு நேரம் விட்டு அடித்தீர்கள் என்று எழுதுங்கள். இல்லை, நேரில் வந்து சொல்வதானால் கார்த்திகை முதல் வெள்ளிக்கிழமை ஆரம்பிக்கிறோம். திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்குங்கள், நான் வந்து கூட்டிப்போகிறேன். நம் வீட்டில்தான் தங்க வேண்டும்.