ஓடாத நிரலுக்கு வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்:
பூ கமிஷன் கடை,
தோவாளை, கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
இணையவழி நிரலாக்கப் பயிற்சி நிறுவனம்.

பொருள்: பைத்தான் அசின்க்-ஐஓ பாடத்தின் சாட் கிளையன்ட் பகுதி பற்றிய புகார்.

ஐயா / அம்மா,

தோவாளை பூச்சந்தையில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு கமிஷன் கடை இருக்கிறது. கணக்கும் கம்ப்யூட்டர் வேலையும் என் பொறுப்பு. விடியும் முன்பே பிச்சிக்கும் மல்லிக்கும் விலை ஏறி இறங்கும். ஓணம் நெருங்கினால் கேரள வியாபாரிகளுக்குப் போனில் பதில் சொல்லி மாளாது. இங்கிருந்து நாகர்கோவில் வடசேரி கடைக்கு விலை உடனே போக வேண்டும், அங்கிருந்து வரும் ஆர்டர் நேராகக் கணக்கில் ஏற வேண்டும். அதற்கு நாங்களே ஒரு சாட் கிளையன்ட், அதாவது செய்தி அனுப்பிப் பெறும் நிரல், செய்துகொள்ளலாம் என்றுதான் ரூ. 3,500 கட்டி உங்கள் பாடத்தில் சேர்ந்தேன். ஒரு வேலைக்காகக் காத்திருக்கும்போதே மற்ற வேலைகளையும் நடத்த உதவும் பைத்தான் நிரல்மொழியின் நூலகம்தான் அசின்க்-ஐஓ. ஒரே நேரத்தில் செய்தி அனுப்பவும் பெறவும் முடியும் என்று விளம்பரத்தில் சொல்லியிருந்தீர்கள்.

முதல் நிரலே ஓடவில்லை. நீங்கள் கற்றுத் தருவது ‘யீல்டு ஃப்ரம்’ எழுதி, மேலே ‘கோருட்டீன்’ டெக்கரேட்டர் (ஃபங்ஷனுக்கு மேல் எழுதும் அடையாள வரி) போடும் பழைய முறை. அதற்குப் பதிலாக அசின்க், அவெயிட் என்ற எழுத்துமுறை 2015-லேயே பைத்தான் 3.5 பதிப்பில் வந்துவிட்டது. அந்த டெக்கரேட்டரை 2022-இல் வெளிவந்த 3.11-இல் நீக்கியும் விட்டார்கள். இதைச் சொன்னதற்கு, பழைய பதிப்பான 3.8-ஐ நிறுவிக்கொள்ளுங்கள் என்று உங்கள் உதவிப் பிரிவு பதில் அனுப்பியது. 3.8-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2024 அக்டோபரோடு நின்றுவிட்டது. கடைக் கணக்கு இருக்கும் கம்ப்யூட்டரில் அதை எப்படி நிறுவுவது?

சரி, நிரலைப் புதிய முறைக்கு நானே மாற்றி எழுதிப் பார்த்தேன். அப்புறம்தான் பெரிய குறை தெரிந்தது. பயனர் தட்டச்சு செய்வதை வாங்க, ஈவென்ட் லூப் (எல்லா வேலைகளையும் மாற்றி மாற்றி நடத்தும் சுழற்சி) ஓடும் அதே இடத்தில் சாதாரண ‘இன்புட்’ ஃபங்ஷனை வைத்திருக்கிறீர்கள். என்டர் தட்டும் வரை அது லூப்பை அப்படியே நிறுத்தி வைக்கும். அதுவரை எதிர்முனையிலிருந்து வந்த செய்தி எதுவும் திரைக்கு வராது. நான் விலையைத் தட்டிக்கொண்டிருக்கும்போது வடசேரியிலிருந்து வந்த ஆர்டர் உள்ளேயே கிடக்கிறது. அசின்க்-ஐஓவைக் கற்க வந்ததே இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கத்தான். ‘இன்புட்’டைத் தனி த்ரெட்டுக்கு (நிரலுக்குள் தனியாக ஓடும் இழைக்கு) அனுப்ப ‘டு_த்ரெட்’ என்ற ஃபங்ஷன் 3.9-லிருந்தே இருக்கிறது. ஒரே ஒரு வரி வேலை. பாடத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

தமிழ் விஷயத்தில் நடந்தது அதைவிட மோசம். வரும் தரவில் 1024 பைட் (தரவின் சிறு அலகு) படித்து, உடனே யூடிஎஃப்-8 (எழுத்துகளைப் பைட்டுகளாகக் குறிக்கும் முறை) எழுத்தாக மாற்றச் சொல்கிறீர்கள். இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு இடையிலான டிசிபி இணைப்பு பைட்டுகளை வரிசை மாறாமல் கொண்டுவரும், ஆனால் ஒரு செய்தி எங்கே முடிகிறது என்று காட்டாது. தமிழ் எழுத்துக்கும் ‘ி’, புள்ளி போன்ற துணைக்குறிகளுக்கும் உள்ள ஒவ்வொரு யூனிகோடு குறியும் யூடிஎஃப்-8-இல் 3 பைட். ‘பிச்சி’ என்ற சின்னச் சொல்லே 18 பைட். அன்றைய விலைப் பட்டியலைக் கொஞ்சம் நீளமாக அனுப்பினால் ஏதோ ஒரு எழுத்து நடுவில் வெட்டுப்பட்டு, நிரல் பிழை காட்டி நின்றுவிடுகிறது. கேரள வியாபாரிகள் மலையாளத்தில் எழுதினாலும் இதே கதிதான். செய்தியின் முடிவில் ஒரு வரிமுறிவு வைத்து ‘ரீட்லைன்’ மூலம் படித்தால் இந்தச் சிக்கல் வராது. உங்கள் எடுத்துக்காட்டுகள் எல்லாமே ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொற்கள். தமிழில் பாடம் என்று சொல்லி விற்கிறவர்கள் தமிழில் ஒரு பத்தியையாவது அனுப்பிப் பார்த்திருக்க வேண்டாமா?

இதையெல்லாம் விளக்கி எழுதியபோது, வாட்ஸ்அப் போதாதா என்று கேட்டுவிட்டுப் புகாரை மூடிவிட்டார்கள். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. பணத்தைத் திரும்பக் கேட்டால், 7 நாள் கெடு முடிந்துவிட்டதாம். சாட் கிளையன்ட் பகுதியை நீங்கள் திறப்பதே மூன்றாவது வாரத்தில்தான். பார்க்கவே முடியாத பாடத்தில் குறை இருக்கிறதென்று முதல் வாரத்தில் யாரால் சொல்ல முடியும்?

முழுக் கட்டணத்தையும் 15 நாட்களுக்குள் திருப்பித் தாருங்கள். பாடத்தைத் திருத்தி முடிக்கும் வரை அதன் விற்பனையையும் நிறுத்தி வையுங்கள், இதே பணத்தைக் கட்டி இன்னும் எத்தனையோ பிள்ளைகள் சேர்கிறார்கள். இல்லையென்றால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். வாங்கியவர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடர அந்தச் சட்டம் வழி செய்கிறது.

ரசீதும், பிழைச் செய்திகளின் படங்களும், உங்கள் உதவிப் பிரிவு அனுப்பிய பதில்களும் இணைத்திருக்கிறேன். பதிலை எழுத்தில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
தோவாளை.