மாப்பிள்ளையின் வரைபடம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. மாப்பிள்ளை அனுப்பிய வரைபடம் வந்தது. 2031-ல் அமெரிக்க ஃபுட்பாலில் எந்தப் பல்கலைக்கழகம் எந்தக் கான்ஃபரன்ஸில் இருக்கும் என்று அமெரிக்கா முழுக்க லோகோ ஒட்டி அனுப்பியிருக்கிறார். நம் கார்வாலிஸ் ஒரிகன் ஸ்டேட்டைப் பிக் 12 என்ற பெரிய கான்ஃபரன்ஸில் ஒட்டியிருக்கிறார். மாமனாருக்குக் கொடுக்கிற மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அப்பாவின் அபிப்பிராயத்தைக் கேட்டுச் சொல் என்றாராமே. போனில் பேசலாமென்றால் இரண்டாவது நிமிஷமே அம்மா கையிலிருந்து வாங்கிவிடுகிறாள். அதனால்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளைக்குத் தமிழ் பேச மட்டும்தான் வரும், நீயே படித்துச் சொல்லிவிடு. நீயும் இங்கே நாலு வருஷம் படித்தவள்தான், ஆனால் மேட்ச் நாளில் கூட்டமில்லாத லைப்ரரி கிடைக்கிறது என்று சந்தோஷப்பட்ட ஆள். உனக்காகவும் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

கான்ஃபரன்ஸ் என்பது அக்கம்பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் விளையாடிக்கொள்வதற்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. நம்முடையது 1915 டிசம்பரில் போர்ட்லண்டில் ஒரு ஓட்டலில் பேசி முடிவானது. பெர்க்லி, வாஷிங்டன், ஒரிகன், அந்தக் காலத்தில் விவசாயக் கல்லூரியாக இருந்த நம் ஒரிகன் ஸ்டேட் ஆகிய நாலும்தான் ஆரம்பித்தன. 1959-ல் சண்டை வந்து அது ஒரு முறை கலைந்தது. பெரிய இடங்கள் தனியாகச் சேர்ந்துகொண்டன. நாம் வெளியே நின்றோம், யூஜீன்காரர்களும், அதாவது ஒரிகன் பல்கலைக்கழகமும், நம்மோடு வெளியேதான் நின்றார்கள். 1964-ல்தான் இரண்டு பேரையும் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். இதை மாப்பிள்ளைக்கு அழுத்திச் சொல். 2023-ல் நம் கான்ஃபரன்ஸ் மறுபடி சிதறியதும் என்னவோ உலகத்தில் நடக்காதது நடந்துவிட்டதாக எல்லோரும் பேசுகிறார்கள்.

இப்போதைய நிலவரம் சிரிப்பாக இருக்கிறது. பிக் டென் என்ற கான்ஃபரன்ஸில் 18 பேர், பிக் 12-ல் 16 பேர். அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் இருக்கின்றன, இரண்டும் இருப்பது பசிபிக் கடலோரம். பசிபிக் 12 என்று பெயர் வைத்துக்கொண்டிருந்த நம் கான்ஃபரன்ஸில் இரண்டு வருஷம் இரண்டே பேர்தான் இருந்தோம், நாமும் புல்மனிலிருக்கும் வாஷிங்டன் ஸ்டேட்டும். 2026 ஜூலை 1-ம் தேதிதான் மறுபடி ஆள் சேருகிறது.

யார் எந்தக் கான்ஃபரன்ஸுக்குத் தாவுவார்கள் என்ற இந்த ஊகம் எப்படிக் கிளம்புகிறது என்று உனக்குச் சொல்ல வேண்டும், அதில்தான் சுவாரசியம் இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகங்களின் நிர்வாகக் குழு கூடுவதென்றால் முன்கூட்டியே அறிவிப்பு ஒட்ட வேண்டும் என்பது சட்டம். அதனால் ரசிகர்கள் தினமும் அந்த அறிவிப்புப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறார்கள். 'சிறப்புக் கூட்டம்', 'மூடிய அமர்வு' என்று இரண்டு வார்த்தை கண்ணில் பட்டால் போதும், அன்றைக்கு யாருக்கும் தூக்கமில்லை. அப்புறம் விமானம். யாருடைய தனி விமானம் எந்த ஊரிலிருந்து கிளம்பி எங்கே இறங்கியது என்று போனிலேயே பார்க்கலாமே. நம் பக்கத்து வீட்டுப் பெரியவர் இருக்கிறாரே, ரிட்டயர் ஆன மர ஆலை மேஸ்திரி, அவர் 2023 கோடையில் வேலிக்கு மேல் போனை நீட்டி மஞ்சள் நிற விமானப் பொம்மை ஒன்றைக் காட்டினார். யூஜீனிலிருந்து கிளம்பியிருக்கிறது, சிகாகோ பக்கம் போகிறது, பிக் டென் தலைமையகம் சிகாகோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில்தான், கதை முடிந்தது என்றார். அந்த விமானம் கடைசியில் டென்வரில் இறங்கியது. பெரியவர் அசரவில்லை, "பெட்ரோல் போட இறங்கியிருப்பான்" என்றார்.

நம் ஊரில் தேர்தலுக்கு முன்னால் டீக்கடையில் நடக்கிற கூட்டணிப் பேச்சேதான் இது. யார் யார் வீட்டுக்குப் போனார், காபி சாப்பிட்டாரா, சால்வை போட்டாரா என்று பார்த்தே தொகுதிப் பங்கீடு வரைக்கும் சொல்லிவிடுவார்கள். அதில் பாதி பலிக்கவும் செய்யும்.

ஆனால் பெரிய அடி விழுந்தபோது எங்கள் வட்டாரத்தில் ஒருவர் வாயிலிருந்தும் அது வரவில்லை. 2022 ஜூன் 30, லாஸ் ஏஞ்சலீஸ் பல்கலைக்கழகங்களான யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.யும் நம்மை விட்டுப் பிக் டென்னுக்குப் போகின்றன என்று செய்தி. மதியம் கேள்விப்பட்டோம், ராத்திரிக்குள் முடிவாகிவிட்டது. லாஸ் ஏஞ்சலீஸ் போனால் டி.வி. பார்க்கிற கூட்டமே போனது. அதற்குப் பிறகு நம் ஆட்கள் உஷாராக இருந்திருக்க வேண்டும். அந்த இலையுதிர் காலத்தில் ஈ.எஸ்.பி.என். விளையாட்டு டி.வி. நம் மேட்ச்களைக் காட்ட ஒரு பல்கலைக்கழகத்துக்கு வருஷம் 3 கோடி டாலர் என்று பேச்சைத் தொடங்கியதாகவும், நம் பல்கலைக்கழக பிரசிடென்ட்கள் 5 கோடி கேட்டதாகவும் பத்திரிகைகளில் வந்தது. அவர்கள் கேட்டுவிட்டுக் காத்திருந்த நேரத்தில் பிக் 12 கமிஷனர் பிரெட் யோர்மார்க் வரிசையில் முந்திப் போய், தலைக்குச் சராசரி 3.17 கோடிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவர்கள் ஒப்பந்தம் முடிய இன்னும் காலம் இருந்தது, அவசரமே இல்லை. இருந்தும் போட்டார். அந்த ஆளை எனக்குப் பிடிக்காது, ஆனால் வியாபாரம் தெரிந்தவர்.

2023 ஜூலை 27 அன்று கொலராடோ கிளம்பியது. ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை. அன்று காலை மிச்சமிருந்த 9 பேரும் ஆப்பிள் டி.வி.யோடு ஒப்பந்தம் போடப் போகிறார்கள் என்று பேச்சு. அடிப்படைத் தொகை குறைவு, சந்தாதாரர் சேரச் சேரக் கூடும் என்று ஏற்பாடு. சாயங்காலத்துக்குள் ஒரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கு, அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12-க்கு. ஒரே நாளில் ஐந்து பேர். செப்டம்பர் 1 அன்று ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் குறைந்த பங்குக்கு ஒப்புக்கொண்டு அட்லாண்டிக்கில் போய் விழுந்தார்கள்.

ஒரிகன் என்ன விலைக்குப் போனது தெரியுமா? பிக் டென்னில் இருக்கிறவர்கள் வாங்குவதில் பாதிப் பங்குக்கு. மாப்பிள்ளையின் நியூஜெர்சி பல்கலைக்கழகம் ரட்கர்ஸ் முழுப் பங்கு வாங்குகிறது, ஒரிகனுக்குப் பாதி. அவர் இதைச் சொல்லிச் சிரிக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் 2025 அக்டோபரில் அதே ஒரிகன் சுமார் 4,000 கிலோமீட்டர் பறந்து வந்து ரட்கர்ஸின் பிஸ்காட்டவேயில் 56-10 என்று அடித்துவிட்டுப் போனதையும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளட்டும்.

இனி மாப்பிள்ளையின் கணக்குக்கு வருகிறேன். ஒரிகன் ஸ்டேட் இரண்டு மூன்று சீசன் நன்றாக ஜெயித்தால் பிக் 12 கூப்பிடும் என்று எழுதியிருக்கிறார். இங்கேதான் நான் ஒத்துப்போகவில்லை.

நான் எம்.எஸ். படிக்க 90-களின் நடுவில் கார்வாலிஸ் வந்தபோது நம் ஃபுட்பால் அணி நாட்டிலேயே பேர் பெற்ற தோல்வி அணி. 1971 முதல் 1998 வரை தொடர்ந்து 28 சீசன், ஒன்றில்கூடத் தோல்வியை விட வெற்றி அதிகமில்லை. மழையில் பாதி காலியான ஸ்டேடியத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மாணவர்களுக்கு இலவசம், அதனால் நாங்கள் ஐந்தாறு தமிழ்ப் பையன்கள் தயிர் சாதத்தைக் கட்டிக்கொண்டு போவோம். ஆட்ட விதியே தெரியாது, எதற்குக் கைதட்டுகிறார்கள் என்றும் புரியாது. அந்த 28 வருஷத்தில் ஒரு தடவைகூட யாரும் நம்மைக் கான்ஃபரன்ஸை விட்டுப் போகச் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் நிலைமை மாறி, 2001 புத்தாண்டு அன்று ஃபியஸ்டா பௌல் என்ற பெரிய போட்டியில் நோட்டர் டேமை 41-9 என்று ஜெயித்தபோது ஊரே தெருவில் நின்றது.

சரி, 2022-க்கு வா. நவம்பர் 26, யூஜீன் அணி இங்கே வந்தது. நாம் 31-10 என்று பின்தங்கியிருந்தோம். அதற்கப்புறம் பந்தை எறிவதையே விட்டுவிட்டு ஓடியே டச்டவுன் டச்டவுனாகப் போட்டு 38-34 என்று ஜெயித்தோம். அந்த சீசன் 13-ல் 10 வெற்றி. ஸ்டேடியத்தின் மேற்குப் பக்கத்தை இடித்து 16 கோடி டாலருக்கு மேல் செலவழித்துப் புதிதாகக் கட்டினோம், 2023 செப்டம்பரில் திறந்தோம். அதற்கு முந்தைய மாதமே கான்ஃபரன்ஸ் இல்லாமல் போய்விட்டது. தோற்றுக்கொண்டே இருந்தபோது பத்திரமாக இருந்தோம், ஜெயித்தபோது விட்டுவிட்டுப் போனார்கள். ஏனென்றால் யாரும் ஸ்கோரைப் பார்க்கவில்லை. கார்வாலிஸில் 60,000 பேர், புல்மனில் அதில் பாதி. சனிக்கிழமை எத்தனை லட்சம் வீடுகளில் டி.வி. ஓடும் என்பதுதான் கேள்வி. அதற்கு நம்மிடம் பதில் இல்லை, ஐந்து சீசன் ஜெயித்தாலும் இருக்காது. அப்படியே ஜெயித்துக்கொண்டிருக்கிறோமா என்றால் அதுவும் இல்லை. யூஜீனிடம் 2024-ல் 49-14, 2025-ல் 41-7 என்று வாங்கினோம். சீசன் பாதியில் கோச்சையும் அனுப்பியாகிவிட்டது.

ஊகிக்கிறவர்கள் எல்லோரும் பின்னால் யாரோ ஒரு பெரிய திட்டத்தோடு காய் நகர்த்துவதாக நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பக்கத்தில் இருக்கிறவன் கிளம்பிவிட்டால் நாம் மாட்டிக்கொள்வோமே என்ற பயம்தான். அந்த வெள்ளிக்கிழமை ஐந்து பிரசிடென்ட்கள் எடுத்த முடிவில் திட்டத்தை விடப் பயமே அதிகம். பயத்தை வரைபடத்தில் ஒட்ட முடியாது. போனவர்கள் கான்ஃபரன்ஸ் பணத்திலும் ஓட்டுப் போட வந்தபோது, நாமும் புல்மன்காரர்களும் கோர்ட்டுக்குப் போனோம். புல்மன் இருக்கிற விட்மன் கவுன்டியின் நீதிபதி 2023 நவம்பரில் நிர்வாகத்தை நம் இரண்டு பேர் கையில் கொடுத்தார். இதையும் யாரும் வரைபடத்தில் போட்டுப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

அடுத்து ஆள் தேடினார்கள். 2024 செப்டம்பரில் பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃபிரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட் வந்தன, பிறகு யூட்டா ஸ்டேட். கூடைப்பந்துக்குக் கொன்சாகா. ஃபுட்பாலுக்குக் குறைந்தது 8 பேர் வேண்டும் என்று விதி இருப்பதால் இன்னும் ஒருவர் பாக்கி. மெம்ஃபிஸ் வருகிறது, துலேன் வருகிறது என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சத்தியம் செய்தார். இரண்டும் வரவில்லை. 2025 ஜூன் 30-ல் வந்தது டெக்ஸஸ் ஸ்டேட். அது எந்த ஊரில் இருக்கிறது என்று பெரியவர் என்னிடம் கேட்டார். சான் மார்கோஸ், ஆஸ்டினுக்குத் தெற்கே என்றேன். "அங்கே விமானம் இறங்குமா?" என்றார்.

ஃபுட்பாலை விடு, எனக்கு மனசில் நிற்பது வேறு. 2024 மார்ச்சில் நம் பெண்கள் கூடைப்பந்து அணி தேசியப் போட்டியில் கடைசி எட்டு வரை போனது. உனக்கு வீடியோகூட அனுப்பினேன், நீ பார்த்திருக்க மாட்டாய். கான்ஃபரன்ஸ் போனதும் நல்ல ஆட்டக்காரிகள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள், ஒருத்தி யு.எஸ்.சி., ஒருத்தி யு.சி.எல்.ஏ., ஒருத்தி ஓக்லஹோமா. அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். மிச்சமிருந்தவர்களோடு புதிதாக ஆள் சேர்த்து, வெஸ்ட் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் தற்காலிகமாக ஒண்டிக்கொண்டு, 2025 மார்ச்சில் அந்தக் கோப்பையையும் ஜெயித்தார்கள். பேஸ்பால் அணி கான்ஃபரன்ஸே இல்லாமல் ஊர் ஊராகப் போய் விளையாடி, அதே வருஷம் ஜூனில் ஓமாஹாவுக்குப் போய்க் கல்லூரி உலகத் தொடரில் ஆடியது. மாப்பிள்ளையின் வரைபடத்தில் இதற்கெல்லாம் லோகோ உண்டா என்று கேள்.

என் கணிப்பையும் எழுதிவிடுகிறேன், பின்னால் தப்பிக்க முடியாதபடி. பிக் டென்னின் டி.வி. ஒப்பந்தம் இந்தப் பத்தாண்டு முடியும்போது முடிகிறது, பிக் 12-க்கு அதற்கு அடுத்த வருஷம். அட்லாண்டிக்கை விட்டு வெளியேறக் கட்ட வேண்டிய தொகையும் அதே சமயத்தில் குறைகிறது, ஃபுளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் வழக்குப் போட்டு 2025 மார்ச்சில் அப்படி ஒத்துக்கொள்ள வைத்தார்கள். ஆகவே 2030-ஐ ஒட்டி ஒரு களேபரம் வரும் என்பதில் மாப்பிள்ளையோடு எனக்குச் சண்டை இல்லை. ஆட்டக்காரர்களுக்குப் பல்கலைக்கழகமே நேரடியாக வருஷம் 2 கோடி டாலருக்கு மேல் கொடுக்கலாம் என்று 2025 ஜூனில் கோர்ட் அனுமதித்த பிறகு எல்லோருக்கும் பணம் இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது. ஃபுளோரிடா ஸ்டேட், கிளெம்சன் நகரும். நார்த் கரோலினாவுக்கு இரண்டு பக்கமும் இழுபறி நடக்கும். நோட்டர் டேம் எப்போதும் போலத் தனியாகவே நிற்கும், எல்லோரும் எப்போதும் போல அது சேரப்போகிறது என்பார்கள். மேற்கில் யாரையாவது பிக் 12 தூக்கினால் பாய்சி ஸ்டேட்டை, இல்லையென்றால் சான் டியேகோவை. நாமும் புல்மனும் இருக்கிற இடத்திலேயே இருப்போம்.

பந்தயத்துக்கு நான் தயார் என்று சொல். 2031 சீசன் தொடங்கும்போது நாம் பிக் 12-ல் இருந்தால் ரட்கர்ஸ் சிவப்பு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு எடிசன் கடைத்தெருவில் அவரோடு மசால் தோசை சாப்பிட வருகிறேன், பில் என்னுடையது. இல்லையென்றால் அவர் ஆரஞ்சுச் சட்டையோடு இங்கே வந்து மழையில் ஒரு மேட்ச் முழுக்க உட்கார வேண்டும், குடை பிடிக்கக் கூடாது, ஸ்டேடியத்தில் அனுமதியும் இல்லை.

அம்மா நாரத்தங்காய் ஊறுகாய் அனுப்பியிருக்கிறாள், செவ்வாய்க்கிழமை வந்துவிடும். வந்ததும் ஃபிரிட்ஜில் வை. நவம்பர் டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடுங்கள், பிறகு விலை ஏறிவிடும்.

அன்புடன்,
அப்பா