மூன்று இரவுகளை எந்தக் கணக்கில் வைப்பது?

அன்புள்ள தம்பி,

உன் நாவலை இரண்டு முறை படித்துவிட்டேன். முதல் முறை ஒரே மூச்சில், இரண்டாம் முறை கையில் பென்சிலோடு. "ஒளிக்காம சொல்லுங்க அக்கா" என்று கேட்டிருந்தாய். உனக்கு மட்டும் எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத, இது உன் நாவலோடு நிற்கிற விஷயம் இல்லை என்று பட்டது. நட்பு, ஏமாற்று, துரோகம் என்று வருகிற சைக்கலாஜிகல் த்ரில்லர்களில் முக்கால்வாசி இதே இடத்தில்தான் சறுக்குகின்றன. அதனால் உன்னைக் கேட்டுக்கொண்டு எல்லோரும் படிக்கும்படி போடுகிறேன். உன் கிளைமாக்ஸை எங்கேயும் போட்டு உடைக்கவில்லை, பயப்படாதே. சாவி விஷயத்தை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அதற்கு நீயே சரி என்றிருக்கிறாய்.

அந்தச் சாவிதான் நாவலிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இடம். வெளியூர் போகும்போது நாயகி வீட்டுச் சாவியைத் தோழியிடம் கொடுத்துவிட்டுப் போகிறாள். திரும்பி வந்து பையை இறக்கி வைப்பதற்குள் தோழி வாசலில் நிற்கிறாள். கேட்காமலே சாவியை நீட்டுகிறாள். "இது எங்கிட்ட இருந்தா எனக்குத் தூக்கம் வராது, நீயே வெச்சுக்கோ" என்கிறாள். படிக்கிற எனக்கே அவள்மேல் பாசம் வந்துவிட்டது. அதற்குள் அவள் நகல் போட்டுக்கொண்டாள் என்பது நாற்பது பக்கம் தள்ளித் தெரியவந்தபோது, தாள்களைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். திருப்பிக் கொடுத்தே திருடுகிறாள்! அந்த அரைப் பக்கத்தை எழுதியவனுக்குக் கை நன்றாகவே வருகிறது. மற்றப் பக்கங்களில் அவனை ஏன் காணோம் என்பதுதான் என் சண்டை.

சுருக்கமாகச் சொன்னால், துரோகத்தை எழுதியிருக்கிறாய், நட்பை எழுதவில்லை.

உன் தோழி கதைக்குள் நுழையும்போதே "உதட்டோடு நின்றுவிட்ட சிரிப்பு" என்று எழுதிவிடுகிறாய். அடுத்த அத்தியாயத்தில் நாயகியின் புது உடையை "ஒரு நொடி கூடுதலாக" பார்க்கிறாள். மழை பெய்கிறது, ஜன்னல் அடித்துக்கொள்கிறது, அவள் மெதுவாகத் திரும்புகிறாள். இருபதாவது பக்கத்திலேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்ததில் தப்பில்லை. எனக்குப் புரிந்தது நாயகிக்கு மட்டும் இருநூறு பக்கம் புரியாமல் இருக்கிறதே, அங்கேதான் அவள் எனக்கு ஒரு அசடாகிவிட்டாள். அசடுக்காக யார் நகம் கடிப்பார்கள்?

"வாசகனுக்கு முன்னாலேயே தெரிஞ்சாத்தானே அக்கா சஸ்பென்ஸ்" என்று நீ கேட்பாய். சினிமா இயக்குநர் ஹிட்ச்காக் சொன்ன மேஜைக்கடி வெடிகுண்டைத்தான் மனதில் வைத்திருப்பாய். குண்டு திடீரென்று வெடித்தால் பார்ப்பவர்களுக்கு 15 விநாடி அதிர்ச்சி, அது அங்கே இருப்பதை முன்கூட்டியே காட்டிவிட்டால் 15 நிமிடம் சஸ்பென்ஸ் என்று பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் சொன்னார் அவர். சரி, மறுக்கவில்லை. ஆனால் அந்த மேஜையில் இருப்பவர்கள் குனிந்து பார்க்கவில்லையே என்று நாம் அவர்களைத் திட்டுவதில்லை. யார்தான் குனிந்து பார்ப்பார்கள்? நட்பைப் பற்றிய கதையில் குண்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறது. அதை நமக்கும் பிடித்துப்போக வேண்டும். அது எழுந்து போனால் மேஜையே வெறிச்சோடிவிடும் என்று நமக்கும் தோன்ற வேண்டும்.

போதாததற்கு, அந்தச் சிரிப்பும் பார்வையும் நிஜத்தில் நடப்பதும் இல்லை. பொய் சொன்னால் முகத்தில் தெரிந்துவிடும் என்றுதான் நாம் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற இரண்டு உளவியலாளர்கள் அதுவரை நடந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டி, 24,000 பேருக்கு மேல் சொன்ன தீர்ப்புகளைச் சேர்த்துப் பார்த்து 2006 இல் வெளியிட்டார்கள். எது பொய், எது மெய் என்று சரியாகச் சொன்னது சராசரியாக 100க்கு 54. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வந்துவிடும். பொய்களை மட்டும் தனியாகப் பார்த்தால் பிடிபட்டவை 47தான்.

அப்படியென்றால் நாம் எப்போதும் நம்புகிற பக்கமே சாய்ந்து உட்கார்ந்திருக்கிறோம். டிமதி லெவைன் என்ற ஆய்வாளர் இதை ஒரு கோட்பாடாகவே வளர்த்தார். எதிரில் இருப்பவர் உண்மை பேசுகிறார் என்பதில்தான் மனிதர்கள் தொடங்குகிறார்கள். சந்தேகப்படுவதற்குத்தான் தனியாக ஒரு காரணம் தேவைப்படுகிறது. அது புத்திக் குறைவும் இல்லை. அப்படி நம்பாவிட்டால் வழி கேட்டுக்கொண்டு நாலு தெரு தாண்ட முடியாது. ஆகவே, ஏமாறுவதற்காக உன் நாயகியை அப்பாவியாக்க வேண்டியதே இல்லை. கெட்டிக்காரியாகவே இருக்கட்டும். எனக்கு நடந்தபோது நானும் என்னைக் கெட்டிக்காரி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். உன்னிடம்கூடச் சொன்னதில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தோழியோடு ஒரே அறையில் இருந்தேன். ஒருமுறை எனக்குக் கடும் காய்ச்சல். மூன்று இரவு. அவள் கண்ணை மூடவில்லை. ஈரத்துணி மாற்றுவாள், தெர்மாமீட்டர் வைப்பாள், டாக்டர் கேட்டால் சொல்ல வேண்டுமே என்று பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மணியையும் சூட்டையும் எழுதிவைப்பாள். கோடு போட்டு, கட்டம் கட்டி, கணக்குப்பிள்ளை மாதிரி. 2.00க்கு 103. 3.30க்கு 102.

அதே சமயத்தில்தான் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று என்னிடம் பணமும் வாங்கிக்கொண்டிருந்தாள். அவளாக ஒருபோதும் கேட்கவில்லை, அதைக் கவனி. ஒருநாள் விளக்கை அணைத்த பிறகு அழுகிற சத்தம் கேட்டது. நான்தான் எழுந்து போய் என்ன ஏது என்று கேட்டேன். வேண்டாம் வேண்டாம் என்றவளின் கையில் நான்தான் திணித்தேன். கிட்டத்தட்ட ஒரு வருஷம் திணித்துக்கொண்டே இருந்தேன். "யார்கிட்டயும் சொல்லாத, வெளிய தெரிஞ்சா அம்மா உடைஞ்சு போயிடுவாங்க" என்றாள். நானும் மூச்சு விடவில்லை. ஒருத்தியின் ரகசியத்தைக் காப்பாற்றுகிறோம் என்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

அப்புறம் ஒருநாள் வேறு ஏதோ காரியமாக அவள் வீட்டுக்குப் போன் செய்தேன். அம்மாவே எடுத்தார். குரல் கணீரென்று இருந்தது. மாடியில் இருந்தேன், மணி சத்தம் கேட்டு ஓடி வந்தேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். படுத்த படுக்கையாக இருக்க வேண்டியவர். நான் பெயரைச் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

இனிமேல் வருவதுதான் உனக்கு வேண்டியது. மறுநாள் காலை அவளிடம், "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன். "நேத்து ராத்திரி கொஞ்சம் தூங்கினாங்களாம்" என்றாள். "நல்லது" என்றேன். அந்த மாதமும் பணம் கொடுத்தேன். அதற்கடுத்த மாதமும் கொடுத்தேன்.

ஏன் கொடுத்தேன் என்று எத்தனையோ வருஷம் யோசித்திருக்கிறேன். கேட்டுவிட்டால் அந்த மூன்று இரவுகளையும் சேர்த்து இழக்க வேண்டிவருமே என்ற பயம்தான். உன் நாவலில் நான் தேடியது இந்தப் பயத்தை. நூற்றுப் பத்தாவது பக்கத்தில் உன் நாயகிக்கு முதல் ஆதாரம் கிடைக்கிறது. அவள் அதைக் கவனிக்கவில்லை என்று எழுதித் தப்பித்துக்கொண்டாய். கவனித்தாள் என்று எழுது. கவனித்துவிட்டு, அந்த ரசீதை இருந்த மடிப்பிலேயே மடித்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, அன்றைக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் அவளோடு பேசிச் சிரித்தாள் என்று எழுது. அப்போது நான் அவளை அசடு என்று சொல்லமாட்டேன். எனக்கு அடிவயிறு கலங்கும்.

இதை எப்படிச் செய்வது என்று பார்க்கப் புதுப் புத்தகங்களைத் தேடி அலையாதே. 400 வருஷத்துக்கு முந்தைய ஷேக்ஸ்பியர் நாடகம் 'ஒத்தெல்லோ'வில் மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சியை எடுத்து மெதுவாகப் படி. படைத்தளபதி ஒத்தெல்லோ வருகிறான். அவன் மனைவி டெஸ்டிமோனாவோடு பேசிக்கொண்டிருந்த காசியோ நழுவிப் போகிறான். ஒத்தெல்லோவைக் கவிழ்க்கக் காத்திருக்கும் அவன் படையாள் இயாகோ, தனக்குள் பேசிக்கொள்வதுபோல, இது எனக்குப் பிடிக்கவில்லை என்று முனகுகிறான். என்ன சொன்னாய் என்றால் ஒன்றுமில்லை என்கிறான். அவ்வளவுதான் அவன் முதலீடு. அதற்கப்புறம் ஒத்தெல்லோதான் கெஞ்சுகிறான், அதட்டுகிறான், மனதில் இருப்பதைச் சொல் சொல் என்று பிடுங்குகிறான். இயாகோ ஒரு பொய்யையும் வலியத் திணிக்கவில்லை, கேட்டு வாங்கிக்கொள்ள வைக்கிறான். பொறாமைக்கு இடம் கொடுத்துவிடாதீர்கள் என்று எச்சரிப்பதுகூட அவன்தான்! நாடகம் முழுக்க அவனை ஆளாளுக்கு 'நேர்மையானவன்' என்றே கூப்பிடுகிறார்கள். உன் சாவிக்காரி இவனுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி.

அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு 510ஆம் குறள்தான் ஓடும்.

தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும்
தீரா இடும்பை தரும்.

ஆராயாமல் நம்புவது ஒன்று, நம்பித் தேர்ந்தவரிடம் பிறகு சந்தேகப்படுவது ஒன்று. இரண்டுமே தீராத துன்பம். ஆள் தெரிந்து பொறுப்புக் கொடுப்பது பற்றி வள்ளுவர் சொன்னது இது. இரண்டையும் ஒரே ஆள் ஒரே சமயத்தில் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். இயாகோவிடம் தேரான் தெளிவு, டெஸ்டிமோனாவிடம் தெளிந்தான்கண் ஐயுறவு. ஒத்தெல்லோவின் நம்பிக்கை ஒரு துளிகூடக் குறையவில்லை, ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவரிடம் கொட்டிவிட்டான். சந்தேகம் வந்ததுமே தான் விழித்துக்கொண்டதாக அவன் நினைக்கிறான். ஆழ்ந்த தூக்கமே அப்போதுதான்.

உன் நாவலில் நாயகிக்கு ஒரு அண்ணன் இருக்கிறானே, ஆரம்பத்தில் ஒரு வார்த்தை எச்சரித்துவிட்டுக் காணாமல் போகிறவன்? அவனை வீணடித்துவிட்டாய். அவனைத் தோழி எப்படி ஓரங்கட்டுகிறாள் என்பதிலேயே முப்பது பக்கம் ஒளிந்திருக்கிறது. அவனைப் பற்றி அவள் குறை சொல்லவே கூடாது. "உங்க அண்ணனுக்கு உன்மேல எவ்வளவு அக்கறை! நீ மாத்திரை ஒழுங்காப் போடுறியான்னு எங்கிட்டகூட விசாரிச்சார்" என்று மெச்சட்டும். இது போதும். தன் உடம்பைப் பற்றி அண்ணன் வெளியாளிடம் பேசியிருக்கிறான் என்ற கோபத்தை நாயகி தானே சமைத்துக்கொள்வாள்.

ஏமாற்றுகிறவர் பக்கத்திலேயே வாசகனை உட்கார வைப்பது இன்னொரு வழி. பாட்ரீஷியா ஹைஸ்மித் 1955 இல் எழுதிய 'தி டேலன்டட் மிஸ்டர் ரிப்ளி' நாவலில் அதைத்தான் செய்தார். ரிப்ளிக்குப் பணக்கார நண்பன் டிக்கியின் காசு மட்டும் போதாது, டிக்கியாகவே ஆக வேண்டும். அவன் உடைகளைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று அவன் குரலில் பேசிப் பார்க்கிறான். அந்த நேரம் பார்த்து டிக்கி உள்ளே வந்துவிடுகிறான். அங்கே எனக்கு உடம்பெல்லாம் கூசியது, அதுவும் ரிப்ளிக்காக. உன் தோழிக்கும் அப்படி ஒரு அத்தியாயம் கொடு. ஒன்றே ஒன்று. அறையில் அவள் மட்டும் இருக்கிறாள், நகல் சாவி மேஜைமேல் இருக்கிறது. அதை எடுப்பதா, வீசிவிடுவதா என்று அவளுக்கே தெரியாமல் இருக்கட்டும்.

மீதி எல்லாம் சில்லறைத் திருத்தம். சிறு வயதில் அவளை யாரோ அவமானப்படுத்தியதாக வருகிற ப்ளாஷ்பேக்கைத் தூக்கிவிடு. காரணம் கையில் கிடைத்ததும் எனக்கு அவள்மேல் இருந்த பயம் போய்விட்டது. கடைசியில் மூன்று ட்விஸ்ட் வைத்திருக்கிறாய். மூன்றாவதை நீயே நம்பவில்லை, எழுத்தில் தெரிகிறது. இன்ஸ்பெக்டர் நல்லவர்தான், ஆனால் ரொம்பப் பேசுகிறார்.

முகப்பில் "தொழுதகை யுள்ளும் படையொடுங்கும்" குறளைப் போட்டிருக்கிறாய். அதை எடுத்துவிடலாமா என்று யோசி. கும்பிடும் கைக்குள்ளும் ஆயுதம் இருக்கும், அழும் கண்ணீரும் அதே மாதிரி என்று அங்கே சொல்லப்படுவது 'ஒன்னார்' பற்றி, அதாவது பகைவர்கள். பகைவர் என்று தெரிந்துவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும். என் தோழி என்னைப் பகைத்தாள் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. பணத்துக்காக அழுதது பொய். ஈரத்துணி பொய் இல்லை.

அந்தக் காலண்டர் தாள் என்னிடம்தான் இருக்கிறது. வீடு மாறும்போதெல்லாம் ஏதாவது ஒரு புத்தகத்துக்குள்ளிருந்து விழும். போன வாரம் உன் நாவலைப் படித்து முடித்த கையோடு தேடி எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் நாள், 3.30க்கு எதிரே 102 என்று எழுதுவதற்கு முன்னால் வேறொரு எண்ணை எழுதி அடித்திருக்கிறாள். நான் தூங்கிக்கொண்டிருந்திருப்பேன். அவளுக்குச் சந்தேகம் வந்து, தெர்மாமீட்டரை உதறி, இன்னொரு முறை வைத்துப் பார்த்திருக்கிறாள்.

அடுத்த பிரதியை எப்போது அனுப்புகிறாய்?

அன்புடன்,
அக்கா