ஒரு பிடி கரிசல் மண்

சென்னை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மல்லி,

திட்டாமல் படி. எட்டு மாதம் ஆகிவிட்டது, தெரியும். உன் மாமியார் காரியத்துக்குக்கூட வரவில்லை, போனில் நாலு வார்த்தை பேசியதோடு சரி. நீ அனுப்பிய கடலைமிட்டாய் வந்தது, ஒரே வாரத்தில் தீர்ந்தது. இங்கே எல்லோரும் சுகம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, அம்மாவுக்கு மூட்டுவலி குறையவில்லை. உன் பெரியவன் பிளஸ் டூ பாஸானதை ஊறுகாய் ராணி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நீ ஒரு வார்த்தை சொன்னாயா? ஆக இரண்டு பேரும் சமம், இத்தோடு விட்டுவிடுவோம்.

இது குட்டியைப் பற்றிய கடிதம். போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே நீ யோசனை சொல்லத் தொடங்கிவிடுவாய். எனக்கு முழுதாகச் சொல்லியாக வேண்டும்.

உன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பலூன் வெடித்ததற்கு ஒரு மணி நேரம் அழுதாளே, அந்த அழுகை இப்போது அவளோடு சேர்ந்து வளர்ந்து நிற்கிறது. எட்டு வயது. சந்தோஷம் வந்தாலும் அப்படித்தான். மழை வந்தால் மூச்சு முட்டுகிற வரைக்கும் சிரிப்பாள், அந்தச் சிரிப்பே கடைசியில் அழுகையாகிவிடும். கோபம் வந்தால் கதவு அதிரும். எல்லாம் அடங்கியபிறகு என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு, "நான் ஏம்மா இப்படி இருக்கேன்?" என்பாள். அவள் போடுகிற சத்தத்தைக்கூடத் தாங்கிக்கொள்வேன் மல்லி, இந்தக் கேள்வியைத்தான் தாங்க முடியவில்லை.

பிப்ரவரியில் எங்கள் குடியிருப்பில் வேப்பமரத்தை வெட்டினார்கள். வேர் தண்ணீர்த் தொட்டிச் சுவரைப் பிளக்கிறதாம். பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் அடிமரத்தைப் பார்த்தாள், பையைக்கூடக் கழற்றாமல் அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டாள். இரவு எட்டு மணிக்கு அவர் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த வாரம் பள்ளியில் ஒரு பையன் மரவட்டையை வேண்டுமென்றே மிதித்திருக்கிறான். இவள் தள்ளியதில் அவன் உதடு கிழிந்துவிட்டது. எங்களைக் கூப்பிட்டு, குழந்தையை எதிரே நிற்கவைத்துக்கொண்டே, "இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு வேற ஸ்கூல் பாருங்க" என்றார்கள். உதடு கிழிந்தது தப்புதான், நான் போய் அந்தப் பையனின் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அவள் காதுபட அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

குழந்தைகள் மனநல ஆலோசகர் ஒருவரிடம் போனோம், இப்போதும் போய்க்கொண்டிருக்கிறோம். அந்த அம்மா சொன்னது: "இது வியாதி இல்ல, சுபாவம். உணர்ச்சி வர்றதை நிறுத்த முடியாது. வந்ததை எங்க இறக்கிவைக்கறதுன்னு அவளுக்கு ஒரு இடம் காட்டுங்க." எனக்குச் சட்டென்று எங்கள் ஊர்ச் சுமைதாங்கிக் கல்தான் ஞாபகம் வந்தது. புதுக்கோட்டைப் பக்கம் வந்தபோது அதன்மேல் ஏறி உட்கார்ந்து நீ நுங்கு தின்றாயே, அதேதான். வயிற்றுப்பிள்ளையோடு செத்துப்போன ஒருத்தியின் நினைவாக, தலைச்சுமைக்காரர்கள் பாரத்தை இறக்கிவைக்கட்டும் என்று நிறுத்திய கல். இந்தப் பிள்ளையின் பாரத்தை இறக்கச் சென்னையில் எங்கே இடம்? ஆறாவது மாடியில் எதையும் தரையில் இறக்க முடியாது.

அப்புறம்தான் ஊரிலிருந்து அத்தை போன் பண்ணியது. "வைகாசியில முளைப்பாரி போடுறோம். பிள்ளைய பத்து நாளைக்குக் கூட்டிட்டு வா." பங்காளிச் சண்டையில் பதினோரு வருஷமாக மிதிக்காத ஊர். குடும்பத்துக்கு இவ்வளவு என்று திருவிழாவுக்கு வாங்குகிற தலைக்கட்டு வரியைக் கட்டிவிட்டுப் போனேன்.

முதல் நாள் ஐயனார் கோயில் காட்டுக்குப் போனோம். எல்லையிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். சுற்றிலும் தைலமரம் வரிசை வரிசையாக நிற்க, நடுவில் அந்த நாலைந்து ஏக்கர் மட்டும் வீரையும் உலக்கைப்பாலையும் காசாவுமாக இருண்டு கிடக்கிறது. அதிலிருந்து ஒரு சுள்ளிகூட யாரும் எடுக்க மாட்டார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பெரிய உலக்கைப்பாலை ஒன்று வேரோடு சாய்ந்திருக்கிறது. அதையும் யாரும் தொடவில்லை. அது விழுந்தபடியே கிடந்து, ஒருபக்க வேர் இன்னும் மண்ணில் இருப்பதால் படுத்த மரத்திலிருந்து மூன்று கிளை நேராக மேலே கிளம்பியிருக்கிறது. குட்டி நெடுநேரம் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "இதை ஏன் யாரும் எடுத்துட்டுப் போகலை?" என்றாள். "அது சாமிது" என்றது அத்தை. அவ்வளவுதான் பதில். வெட்டக் கூடாத மரம் என்று ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மண்குதிரைகளைப் பார்த்துவிட்டு, ஏன் இப்படி உடைந்து கிடக்கிறது, ஏன் ஒட்டவில்லை என்று கவலைப்பட்டாள். பூசாரி வேளார் தாத்தா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து விளக்கினார். ஐயனாருக்கு மண்குதிரை செய்து வைக்கிற புரவி எடுப்பு என்று ஊர் முடிவு செய்தால் முதலில் அவர் கையில் ஒரு பிடி மண் கொடுப்பார்கள். அந்தப் பிடிமண்ணை வாங்கினபிறகுதான் குதிரை செய்யத் தொடங்குவார். வெயிலிலும் மழையிலும் நின்று குதிரை தானாகக் கரையும். "மண்ணு மண்ணுக்குப் போகுது, அதுக்கு ஏன் ஒட்டணும்? அடுத்த தடவ நீ பிடிமண்ணு கொடு, நான் செஞ்சு தாரேன்." வெளியூர் பிழைக்கப் போனவர்கள் குலதெய்வக் கோயிலில் பிடிமண் எடுத்துக்கொண்டுபோய், இருக்கிற இடத்திலேயே சாமியை வைத்துக்கொள்வார்கள் என்பதையும் அவர்தான் சொன்னார். அதை அவள் மனதில் முடிந்துவைத்துக்கொண்டாள்.

முளைப்பாரியை நீ பார்த்திருப்பாய், ஆனால் வளர்த்திருக்கிறாயா? மண்சட்டியின் அடியில் வைக்கோல், மேலே கண்மாய் வண்டல், இடித்துச் சலித்த சாணிப்பொடி. ஊறவைத்த தட்டைப்பயறு, பாசிப்பயறு, மொச்சை, சோளம், கம்பு. தெளித்து, மூடி, வெளிச்சம் புகாத அறையில் வைத்துவிடுவார்கள். காலையும் மாலையும் குளித்துவிட்டு ஒருத்தர் மட்டும் உள்ளே போய்த் தண்ணீர் தெளிப்பார். இரவு வாசலில் கும்மி. உன் ரெக்கார்டிலும் என் ரெக்கார்டிலும் நீயே வரைந்த அந்த வெளுத்த அவரை நாற்று ஞாபகம் இருக்கிறதா, எட்டியோலேஷன்? அதேதான். பச்சையம் இல்லாமல் மஞ்சளாக, வெளிச்சத்தைத் தேடி நெடுநெடுவென்று நீளுகிறது. மூன்று வருஷம் பாட்டனி படித்த நமக்கு அது பத்து மார்க் கேள்வி, அத்தைக்கு அது அம்மன்.

நாலாம் நாள் குட்டியின் கோபப் புயல் வந்தது. முளைத்திருக்கிறதா என்று இப்பவே பார்க்க வேண்டும் என்றாள். சாயங்காலம்தான் என்று பாரி வளர்க்கிற அக்கா தடுத்துவிட்டாள். கத்தல், உதைத்ததில் தண்ணீர்க் குடம் உருண்டது, ஊரே எட்டிப் பார்க்கிறது. நான் வழக்கம்போலக் கெஞ்ச ஆரம்பித்தேன். அத்தை என்னைத் தள்ளிவிட்டு அவளைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனது. அங்கே கண்மாய் மண் ஒரு குவியல் கிடந்தது. சொம்புத் தண்ணீரை ஊற்றி, "இதப் பிசைஞ்சு கொடு, வேளார் தாத்தாவுக்கு வேணும்" என்றது. திட்டவும் இல்லை, சமாதானமும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அகத்திக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. குட்டி அழுதுகொண்டே மண்ணைக் குத்தினாள். மூக்கு ஒழுகியது, முழங்கை வரைக்கும் சேறு. அரை மணி நேரம் போயிருக்கும். குத்துவது நின்று, கட்டிகளை நசுக்கி, உள்ளே இருந்த வேரையும் சிறு கல்லையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரமாக வைக்கத் தொடங்கியிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் மண்ணோடு காய்ந்திருந்தது. "இது போதுமா பாட்டி?" என்றாள். "இன்னுங் கொஞ்சம்" என்றது அத்தை.

எனக்குச் சந்தேகங்களே இல்லை என்று நினைத்துவிடாதே. கிளம்புவதற்கு முன்பே அவர் கேட்டார்: "பயத்தைச் சொல்லிக்கொடுத்துக் கூட்டிட்டு வந்துடுவியா?" நியாயமான கேள்வி. சாமி கண்ணைக் குத்தும் என்ற பேச்சே இவளிடம் கூடாது என்று அத்தையிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். ஏற்கெனவே எல்லாவற்றுக்கும் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்கிற பிள்ளை. அத்தை கேட்டுக்கொண்டது. ஆனால் கிடாவெட்டை மறைக்க முடியவில்லை. மாலை போட்டுக் கட்டியிருந்த கிடாயைப் பார்த்துவிட்டு நேராகக் கேட்டாள், நான் பொய் சொல்லவில்லை. வெட்டுகிற நேரத்தில் அவளைக் கண்மாய்ப் பக்கம் கூட்டிப்போய்விட்டேன், அங்கே உட்கார்ந்து அழுதாள். அன்றைக்குச் சோறு வேண்டாம் என்றாள். "அழட்டும் விடு, அதுக்கும் ஒரு ஆள் அழணும்ல" என்றது அத்தை. சென்னையில் இத்தனை பேரில் ஒருத்தர்கூட இவள் அழுகையை இப்படிச் சொன்னதில்லை.

இன்னொன்றையும் உன்னிடம் மறைக்கக் கூடாது. கும்மி நடக்கும்போது ரோட்டுக்கு அந்தப் பக்கம் காலனிப் பெண்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அந்த அக்கா ஏன் இங்க பாரி வைக்கலை?" சாதி என்றேன். "அது தப்புதானே?" தப்புதான். "அப்ப நாம ஏன் வந்தோம்?" மல்லி, அந்த இருட்டில் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன். எல்லா உயிருக்கும் அழுகிற பிள்ளையை நாலு பேரை வெளியே நிறுத்துகிற மண்ணுக்குக் கூட்டிவந்து என்ன சொல்லிக்கொடுக்கிறேன்? மறுநாள் அத்தையிடமும் பெரியப்பாவிடமும் பேசினேன். அடுத்த வருஷக் கூட்டத்தில் இதைக் கேட்பேன், வரி கட்டியவள் என்ற முறையில் கேட்பேன் என்று சொல்லியிருக்கிறேன். பெரியப்பா பதில் சொல்லாமல் எழுந்து போனார். கேட்கத்தான் போகிறேன்.

பத்தாம் நாள் பாரி கரைப்பு. ஒரு சாண் வளர்ந்த மஞ்சள் நாற்று, தலையில் சின்னச் சட்டி, மேளம். தூக்கிக்கொண்டு நடக்கும்போது அவள் முகம் எப்படி இருந்தது தெரியுமா, கையில் விளக்கு வைத்திருப்பவள் மாதிரி. ஆனால் எனக்கு உள்ளுக்குள் நடுங்கியது. வேப்பமரத்துக்கு அப்படி விழுந்து கிடந்தவள், தானே வளர்த்ததைத் தண்ணீரில் எப்படி விடுவாள்? வைகாசிக் கண்மாயில் முழங்கால் அளவுதான் தண்ணீர். எல்லோரும் கரைத்துவிட்டுக் கரை ஏறிவிட்டார்கள். இவள் மட்டும் சட்டியைக் கட்டிப்பிடித்தபடி நின்றாள். நான் இறங்கப் போனேன், அத்தை கையைப் பிடித்து நிறுத்தியது. இருட்டிக்கொண்டு வந்தது. யாரும் சீக்கிரம் வா என்று சொல்லவில்லை. கடைசியில் தானாகக் குனிந்தாள். விரலால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, ஒவ்வொரு பிடியாகத் தண்ணீரில் விட்டாள். ஐந்து நாற்று மிச்சம். திரும்பிப் பார்த்து, "இது மட்டும் வீட்டுக்கு?" என்றாள். "கேட்டு எடுத்துக்க." "யாரைக் கேக்கணும்?" "கண்மாயத்தான்."

குனிந்து என்னவோ கேட்டாள். எனக்குக் காதில் விழவில்லை.

வேளார் தாத்தா தன் கையாலேயே ஒரு பிடி வண்டல் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தார். இப்போது பால்கனியில் ஒரு தொட்டியில் அந்தப் பிடிமண் இருக்கிறது, இங்கே வாங்கிய செம்மண்ணோடு கலந்து. ஐந்தில் மூன்று வாடிவிட்டது. இரண்டு தட்டைப்பயறு பச்சை பிடித்துக் கம்பியில் ஏறுகிறது. வாடிய மூன்றையும் அவளே அந்தத் தொட்டியிலேயே புதைத்தாள்.

பள்ளி திறந்து மூன்று வாரம் ஆகிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான், ஆனால் வெள்ளிக்கிழமை ஒரு தட்டு உடைந்தது. வியாழக்கிழமை நடந்ததற்காகத்தான் இந்தக் கடிதம். வந்ததும் பையை வீசினாள், கத்தப் போகிறாள் என்று நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். அவள் நேராகப் பால்கனிக்குப் போய் இரண்டு கையையும் மணிக்கட்டு வரை தொட்டி மண்ணுக்குள் விட்டுக்கொண்டாள். அப்படியே நின்றாள். முதுகு ஏறி இறங்கியது. பிறகு சாதாரணமாக, எல்லாப் பிள்ளைகளும் அழுகிற மாதிரி அழுதாள். அழுது முடித்து, நான் கேட்காமலேயே, பள்ளியில் என்ன நடந்தது என்று சொன்னாள். அவளாகச் சொல்வது இதுதான் முதல் தடவை. அந்தக் கேள்வி, நான் ஏம்மா இப்படி, அன்றைக்கு வரவில்லை.

அவர் இதற்கெல்லாம் விஞ்ஞானம் தேடுகிறார். 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வாம், பின்லாந்தில் குழந்தைகள் காப்பகங்களில் காட்டு மண்ணைப் பரப்பி 28 நாள் விளையாடவிட்டார்களாம், உடம்பின் நோய் எதிர்ப்பில் நல்ல மாற்றம் தெரிந்ததாம். அது உடம்பைப் பற்றியது, இவள் மனசுக்கு அதை நான் சாட்சியாக இழுக்க மாட்டேன். மண்வாசனைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்கிற வேதிப்பொருள் என்று நானும்தான் படித்தேன். நீ பரீட்சையில் விட்டுவிட்டு வந்து அழுத கேள்வி அது. ஆனால் ஒரு மரத்திடம், ஒரு கண்மாயிடம் கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம், கொடுத்துவிட்டும் வரலாம் என்று அவள் கற்றுக்கொண்டதற்கு நமது பாடத்தில் பெயர் இல்லை. எனக்கு நாற்பத்திரண்டு வயதில் அவள் மூலமாகத்தான் அது கிடைக்கிறது. காலையில் இரண்டு பேரும் சேர்ந்துதான் தண்ணீர் ஊற்றுகிறோம்.

உன் சின்னவன் எப்படி இருக்கிறான்? போன தடவை யாரோடும் பேசுவதில்லை என்றாயே, அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. அதை எழுது. சுருக்கமாக எழுதாதே.

கடைசியாக, குட்டி ஒரு விஷயம் கேட்கச் சொன்னாள். கோவில்பட்டியில் மண் கறுப்பாக இருக்கும், வெயில் காலத்தில் கால் நுழைகிற அளவுக்குப் பிளந்துகொள்ளும், மழை பெய்தால் தானே மூடிக்கொள்ளும் என்று சொன்னேன். நம்பவே இல்லை. ஒரு பிடி வேண்டுமாம். பிளாஸ்டிக் பையில் போடக் கூடாதாம், துணியில் முடிந்து அனுப்ப வேண்டுமாம். எடுப்பதற்கு முன்னால் நிலத்தைக் கேட்டுவிட்டு எடுக்கச் சொன்னாள்.

அன்புடன்,
உன் பதினாலாம் நம்பர் அறைக்காரி