ஒரு கோடை ஒன்றுகூடலைச் சைக்கிள் பாதையில் வையுங்கள்

பிரான்சில் கோடை நிகழ்ச்சிகளை நடத்தும் ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், தமிழ்ப் பாடசாலைகளின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

இந்தக் கோடைக்கு என்ன செய்யலாம் என்று உங்கள் கூட்டங்களில் பேச்சு தொடங்கியிருக்கும். வழமை எல்லோருக்கும் தெரியும். ஒரு பூங்கா, கயிறிழுத்தல், சங்கீதக் கதிரை, இறைச்சி வாட்டும் அடுப்பு, காலை முதல் மாலை வரை ஓயாத ஒலிபெருக்கி. அல்லது பஸ் பிடித்து ஒரு கேளிக்கைப் பூங்கா, இல்லாவிட்டால் லூர்து. அதெல்லாம் இருக்கட்டும். வருடத்தில் ஒரேயொரு நாளை, மோட்டார் வாகனம் நுழைய முடியாத பாதையில், பிரெஞ்சுக் கிராமங்களுக்கு நடுவே சைக்கிளில் கழிக்க ஏற்பாடு செய்யுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

“இந்த நாட்டுத் தெருவில் குழந்தை குட்டிகளோடு சைக்கிளா?” என்று பொருளாளர் முதலில் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் எரிபொருள் தடை இருந்தபோது விறகு, அரிசி மூட்டை, நோயாளி என்று எல்லாவற்றையும் சைக்கிளில் ஏற்றியவர்கள் நம்மிடையே நிறையப் பேர். இங்கு வந்த பிறகு அவர்களில் பலர் சைக்கிளைத் தொடவேயில்லை. உரசிக்கொண்டு போகும் லொறிகளுக்குப் பயந்து விட்டதுதான், அப்படியே விட்டுப்போயிற்று. நான் சொல்லும் பாதைகளில் லொறி இல்லை, கார் இல்லை, மோட்டார் சைக்கிளும் வரக்கூடாது. ‘வுவா வெர்த்’, அதாவது பச்சைப் பாதை என்று இவற்றுக்குப் பெயர். 2004இல் போக்குவரத்துச் சட்டத்திலேயே இவற்றுக்குத் தனி இடம் கொடுத்தார்கள். தொடக்கத்தில் சதுரமான நீலப் பலகை நிற்கும். நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் போகலாம், சில இடங்களில் குதிரையும் வரும். வேறு தெருவைக் குறுக்கே கடக்கும் இடங்களில் மட்டும் நின்று பார்த்துப் போக வேண்டும்.

இவற்றில் பல, கைவிடப்பட்ட ரயில் பாதைகள். தண்டவாளத்தைக் கழற்றிவிட்டு மேலே தார் போட்டிருக்கிறார்கள். இது வயதானவர்களுக்குப் பெரிய வாய்ப்பு. நீராவி இயந்திரத்தால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால், அந்தக் காலத்துப் பொறியியலாளர்கள் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, ஏற்றம் தெரியாதபடி பாதையைக் கொண்டுபோனார்கள். முழங்கால் வலிக்கார மாமியும் மூச்சு வாங்காமல் வருவார்.

அப்படிப் பிறந்த முதல் பாதை பூர்கோன் பகுதியில் இருக்கிறது. ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரை 44 கிலோமீட்டர், 1997இல் திறந்தது. ஜிவ்ரி, புய்க்ஸி பக்கம் திராட்சைத் தோட்டங்கள். அவை முடிந்ததும் மேய்ச்சல் நிலம், அதில் ஷரொலே என்கிற வெள்ளை மாடுகள். அவற்றுக்கு நம்மைப் பார்க்கும் ஆர்வம் அதிகம், வேலி ஓரமாக வரிசையில் வந்து நிற்கும். பழைய நிலையக் கட்டடங்களும், கடவைக் காவலாளிகள் குடியிருந்த சின்ன வீடுகளும் அங்கங்கே இன்னும் நிற்கின்றன. கொர்மத்தான் கோட்டையைத் தாண்டினால் குன்றின்மேல் தேசே. நம் கத்தோலிக்க இளைஞர்களில் சிலர் செபத்துக்குப் போய்வந்த இடம்தான். அப்புறம் க்ளூனி. 910இல் தொடங்கிய மடம், ரோமில் புதிய பேதுரு பேராலயம் எழும்வரை கிறிஸ்தவ உலகின் மிகப் பெரிய தேவாலயம் அங்கேதான் இருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு கல்லுக்காக இடித்து விற்றுவிட்டார்கள், மிஞ்சியது கொஞ்சம். பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைவிட க்ளூனிக்குத் தெற்கே உள்ள புவா கிளேர் சுரங்கம் பிடிக்கும். சுமார் 1,600 மீட்டர் நீளமான ரயில் சுரங்கம், ஆடி வெயிலிலும் உள்ளே குளிரும். குளிர்காலத்தில் வௌவால்கள் உறங்குவதற்காக அதை மூடிவிடுவார்கள், ஆகவே மாதத்தைப் பார்த்துத் திட்டமிடுங்கள்.

அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் ‘ஊர்க்’ (Ourcq) என்ற பெயருள்ள கால்வாய் இருக்கவே இருக்கிறது. பாரிசில் நம் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் மரக்கறி வாங்கிக்கொண்டு நடந்தே போகக்கூடிய தூரத்தில்தான் வில்லெத் நீர்த்தேக்கம். பாரிசுக்குத் தண்ணீர் கொண்டுவர 1802இல் நெப்போலியன் வெட்டச் சொன்ன ஊர்க் கால்வாய் அங்கே வந்து சேர்கிறது. அதன் கரையோடு பன்தன், பொபினி, பொன்டி, ஒல்னே, செவ்ரான் என்று நாம் குடியிருக்கும் ஊர்களுக்குள்ளாலேயே சைக்கிள் பாதை போய், க்ளே-சூயி வரை சுமார் 30 கிலோமீட்டர் ஓடுகிறது. பன்தன் பகுதியில் ஞாயிற்றுக்கிழமை சனம் கூடுதல், அதை அமைதி என்று நான் சொல்ல மாட்டேன். செவ்ரான் தாண்டி பூத்ரெரி காட்டுக்குள் நுழைந்தால் நிலைமை மாறும். 1973 வரை அது அரசாங்க வெடிமருந்து ஆலை. இன்று குடும்பங்கள் பாய் விரித்துச் சாப்பிடுகிற இடம். களைத்துப்போன பிள்ளைகளைச் செவ்ரான்-லிவ்ரி நிலையத்தில் ஆர்.இ.ஆர். ‘பே’ (B) புறநகர் ரயிலில் ஏற்றிக் கூட்டிவந்துவிடலாம். சனி ஞாயிறில் சைக்கிளுக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை.

நோர்மண்டிப் பக்கம் ஆர்க்-லா-பத்தாயிலிருந்து ஃபோர்ஜ்-லெஸ்-ஓ வரை 45 கிலோமீட்டர் பாதையும் நல்லது. இதய வடிவப் பாற்கட்டிக்குப் பேர்போன நெஃப்ஷாத்தெல் அதன் வழியில்தான் வருகிறது. லுவார் ஆற்றங்கரைப் பாதை 900 கிலோமீட்டர், படங்களில் அழகாக இருக்கும். ஆனால் அதில் பல துண்டுகள் கார் ஓடும் சின்னத் தெருக்கள். சிறுவர்களோடு முதல்முறை போகிறவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

இனி நடைமுறை. நாற்பது பேர் சைக்கிளோடு ரயிலில் போகலாம் என்று கனவு காண வேண்டாம். 2021இல் வந்த அரசாணைப்படி புதிய ரயில்களிலேயே பொதுவாக எட்டுச் சைக்கிளுக்குத்தான் இடம் கட்டாயம். ஆட்களைப் பஸ்ஸில் கொண்டுபோய், சைக்கிளை அங்கே வாடகைக்கு எடுங்கள். உயரங்களை எழுதி முன்கூட்டியே அனுப்பினால்தான் அளவான சைக்கிள் கிடைக்கும். பெரியவர்களுக்கு மின்சாரச் சைக்கிள், கைக்குழந்தைகளுக்கு இழுவை வண்டி கேளுங்கள். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தலைக்கவசம் 2017 முதல் கட்டாயம், இல்லாவிட்டால் கூட்டிப்போகும் பெரியவருக்கு 135 யூரோ தண்டம். கிராமக் கடைகள் மத்தியானம் பூட்டிக் கிடக்கும், ஞாயிறு பின்னேரம் பாண் கூடக் கிடைக்காது. அந்தக் கவலை நமக்கு வேண்டியதில்லை. ரோல்ஸும் மீன் பணிசும் சைக்கிள் பயணத்துக்கென்றே செய்த சாப்பாடு. தண்ணீர் தீர்ந்தால் இந்த நாட்டுச் சைக்கிள்காரர்கள் கிராமத்துச் சேமக்காலைக் குழாயில் போத்தலை நிரப்பிக்கொள்வார்கள். குடிக்கக்கூடாது என்று பலகை இல்லாவிட்டால் பரவாயில்லை, ஆனால் அம்மம்மாவுக்கு எங்கே பிடித்த தண்ணீர் என்று சொல்லாதீர்கள்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஊரில் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போனவர்கள் இங்கே சாப்பாட்டுப் பாத்திரங்களோடு காரில் வந்து மரத்தடியில் உட்கார்ந்திருப்பதைத்தான் ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன். பரிமாறும் வேலையை ஆண்களிடம் கொடுங்கள். பழகாதவர்களுக்கும் வழி உண்டு. பெரியவர்களுக்குச் சைக்கிள் பழக்கும் ‘வெலோ-எக்கோல்’கள் பாரிஸ் சுற்றுப்புறத்தில் இயங்குகின்றன. சித்திரையில் சேர்ந்தால் புரட்டாதிக்குள் ஓடலாம்.

இன்னொன்று, தயவுசெய்து இதைப் போட்டியாக்காதீர்கள். கிண்ணமும் பதக்கமும் இல்லாமல் நமக்கு எதுவும் நடத்தத் தெரியாது. வெலோசியோ என்று அழைக்கப்பட்ட போல் து விவி, 1930இல் இறந்தவர், இந்த நாட்டில் சைக்கிள் சுற்றுலாவை வளர்த்தவர், மரக்கறி மட்டும் சாப்பிட்டவர். பசிக்கு முன் சாப்பிடு, தாகத்துக்கு முன் குடி, வீம்புக்காக மிதிக்காதே என்று பயணிகளுக்கு அவர் விதிகள் வைத்தார். கடைசி விதியை நமது இளைஞர் அணிக்கு அச்சடித்தே கொடுக்கலாம். ஒலிபெருக்கியும் வேண்டாம். சைக்கிளில் அருகருகே போகும்போது பதினைந்து வயதுப் பிள்ளை அப்பாவோடு தானாகப் பேசத் தொடங்கும். காரின் பின் ஆசனத்தில் காதில் எதையோ செருகிக்கொண்டிருந்த அதே பிள்ளை. அந்தப் பேச்சைக் கெடுக்க ஓர் அறிவிப்பாளர் போதும்.

என் யோசனை இதுதான். வைகாசியில் ஒரு ஞாயிறு ஊர்க் கால்வாயில் செவ்ரான் வரை ஒத்திகை, யார் யாரால் முடியும் என்று தெரிந்துவிடும். புரட்டாதியில் இரண்டு நாள் க்ளூனி. பாடசாலை தொடங்கிவிட்டால் சனி ஞாயிறைப் பிடியுங்கள். எத்தனை குடும்பம் என்று பங்குனிக்குள் முடிவு செய்தால்தான் வாடகைச் சைக்கிளும் தங்குமிடமும் ஒரே ஊரில் அமையும். ரியூப் ஒட்டுவதற்கு நான் வருகிறேன். சங்கச் செலவில் நல்ல பம் ஒன்றும் இரண்டு பெட்டி ஒட்டும் வாங்கி வையுங்கள்.

அன்புடன்,
பொபினியிலிருந்து உங்கள் அங்கத்தவர் ஒருவர்