பின்னறைச் சுவர்

அன்பு மகளுக்கு,

மூன்று வாரமாக நீ கூப்பிடவில்லை. வேலை இருக்கும், தெரியும். போன தடவை வீடியோவில் பேசும்போது உனக்குப் பின்னால் சுவர் மூலையில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. கேட்பதற்குள் போனைத் திருப்பிவிட்டாய். நடுவில் நாலைந்து தடவை இருமினாய். சரி, அதை விடு. சுவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் மேலே எதையும் பூசாதே. தரையிலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும், அது நின்ற இடத்தில் கோடு இழுத்த மாதிரி உப்புப் பூத்திருக்கும். வெளியிலிருந்து கசிவது திட்டாக இருக்கும், மழை பெய்தால் பரவும். மழையே இல்லாமல் பரவினால் குழாயைப் பார்க்க வேண்டும். உன் வீட்டில் இருப்பது இவை எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். சுவர் வேர்க்கிறது. குளிப்பது, சமைப்பது, அறைக்குள் துணி காயப்போடுவது, நாம் விடுகிற மூச்சு, எல்லாமே காற்றில் ஈரத்தைச் சேர்க்கும். குளிர்ந்த மூலை கிடைத்தால் அங்கே போய் நீராகப் படியும். பூஞ்சை பிடிப்பது அந்த இடத்தில்தான். பீரோவுக்குப் பின்னாலும் பார். பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரற்கடையாவது தள்ளி வை.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீயே சோதித்துப் பார். ஒரு சாண் அலுமினியத் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடு. அறைப் பக்கம் நனைந்திருந்தால் காற்றின் ஈரம். சுவரை ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது, வீட்டுக்காரர்தான் சரிசெய்ய வேண்டும். எட்டாவது படிக்கும்போதே தலைமையாசிரியர் அறைக்குப் போய் நியாயம் கேட்டவள் நீ. இப்போது மட்டும் ஏன் எல்லாவற்றுக்கும் பேசாமல் இருக்கிறாய்?

ஈரப்பதம் காட்டும் மீட்டர் ஒன்று வாங்கு. 60 சதவீதத்தைத் தாண்ட விடாதே. குளித்ததும் எக்ஸாஸ்ட் ஃபேனை உடனே அணைக்காதே, கொஞ்ச நேரம் ஓடட்டும். பூஞ்சையைக் காய்ந்தபடி தேய்த்தால் தூள் பறக்கும், சோப்புத் தண்ணீரில் நனைத்துத் துடைக்க வேண்டும். பிளீச்சோடு சுத்தம் செய்யும் வேறு எந்தத் திரவத்தையும் கலக்கக் கூடாது, விஷவாயு வரலாம். ஆனால் நீ துடைக்காதே. இழுப்பு வந்தவர்கள் அதன் பக்கம் போகவே கூடாது. வேறு யாரையாவது செய்யச் சொல். மேலே எதையும் பூசாதே என்று சொன்னேன் அல்லவா, மறந்துவிடாதே.

ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்றால், நான் பூசினேன். பின்னறைச் சுவரில், உன் கட்டில் ஒட்டியிருந்த இடத்தில். யாராவது வருகிறார்கள் என்றால் அதற்கு முந்தின வாரம் பெயிண்ட் அடிப்பேன், மழை முடிவதற்குள் மறுபடி பொரிந்து உதிரும். மூன்று தடவை அப்படிச் செய்தேன். அந்த வீடு வேண்டாம் என்று உன் அம்மா முதலிலேயே சொன்னாள். சுவரை உடைத்துப் பார்த்தால் அவள் சொன்னது சரி என்று ஆகிவிடும் அல்லவா.

உனக்கு ஆறு வயது இருக்கும்போது ராத்திரியில் தூக்கிக்கொண்டு ஓடினோம். வீட்டில் ஈரம் உண்டா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்று சொன்னேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. இத்தனை வருஷத்தில் இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை.

உன் டாக்டர் கேட்டால் உள்ளதைச் சொல். கேட்காவிட்டாலும் நீயே சொல்.

மீட்டர் வாங்கியதும் காலையில் ஒரு தடவை, படுக்கும்போது ஒரு தடவை பார்த்து, அது காட்டும் சதவீதத்தை எனக்கு அனுப்பு. ராத்திரியில் இருமல் வருகிறதா என்பதையும் அதோடு எழுது.

அப்பா