அந்தத் தங்க கோல் ஏட்டில் ஏற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கை உதைபந்தாட்டத்துக்குச் சொல்லிக்கொள்ள ஒரு வெற்றியும் கிடையாது என்று இளம் பிள்ளைகள் அடித்துச் சொல்வதைக் கேட்கும்போது மனம் பொறுக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மான்செஸ்டர் யுனைட்டட் அணியின் பழைய வீரர்களை மூச்சுவிடாமல் ஒப்புவிக்கும் பிள்ளைகள் நம் ஊர் ஆட்டங்களை அறிந்துகொள்ள ஒரு புத்தகமாவது கையில் கொடுத்திருக்கிறோமா?

1995இல் தெற்காசியத் தங்கக் கிண்ணப் போட்டி கொழும்பில்தான் நடந்தது. சுகததாச விளையாட்டரங்கில் இறுதியாட்டம், எதிரே இந்தியா. வழமையான நேரத்தில் யாரும் கோல் அடிக்கவில்லை. மேலதிக நேரத்தில் இலங்கை அடித்தது தங்க கோல். இன்று அந்த விதி இல்லை. அன்று மேலதிக நேரத்தில் முதல் கோல் விழுந்த கணமே ஆட்டம் முடிந்துவிடும். நான் இருந்த பக்கத்தில் பலருக்கு அது உடனே விளங்கவில்லை. பந்தை நடுவில் வைத்து மறுபடி தொடங்குவார்கள் என்றே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் வீரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரண்டதைக் கண்ட பிறகுதான் அரங்கு அதிர்ந்தது. முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் என்னைப் பிடித்து உலுக்கிய உலுக்கில் சட்டைப் பொத்தான் தெறித்துவிட்டது.

ஒரு வருடம் நிறைவதற்குள், 1996 மார்ச்சில், லாகூரில் கிரிக்கெட் உலகக் கிண்ணத்தை வென்றோம். அதை நானும் தெருவில் இறங்கிக் கொண்டாடியவன்தான். ஆனால் அந்த ஆரவாரத்தில் உதைபந்தாட்ட வெற்றி அமுங்கிப்போனது பெரிய அநியாயம். அந்தத் தெற்காசியக் கிண்ணம் அதன் பிறகு நம் கைக்கு வரவே இல்லை என்பதை நினைத்தால் அதன் அருமை இன்னும் கூடுகிறது.

கொட்டாஞ்சேனைத் தேநீர்க்கடைகளில் எங்கள் வயதுக்காரர்கள் கூடினால் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். அந்தக் கோலுக்குப் பந்து எப்படி வந்தது என்று கேட்டால் நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்வார்கள். கழகங்களில் சிறந்தது சௌண்டர்ஸா ரினௌனா என்ற வழக்கு தனி. அதற்குத் தீர்ப்பே இல்லை. கொம்பனித்தெரு சிட்டி லீக் மைதானத்தில் கோட்டோரம் நின்று, வீரர்களின் மூச்சுக் காதில் விழும் தூரத்தில் ஆட்டம் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஜாவா லேன், ரட்னம் என்று கழகப் பெயரைச் சொன்னாலே அவர்கள் முகம் மலர்ந்துவிடும். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், மலாயர் என்று எல்லோரும் ஒரே சட்டையில் ஓடிய ஆட்டங்கள் அவை. நாடு பிளந்து கிடந்த வருடங்களிலும் அது நடந்தது. இந்த ஒரு காரணத்துக்காகவே அவற்றை எழுதி வைக்க வேண்டும் என்பேன்.

இன்னும் பின்னால் போனால், 1952இல் இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை ஆகிய நான்கு நாடுகளும் மோதிய கொழும்புக் கிண்ணம் இந்த நகரில்தான் தொடங்கியது. முதல் வருடம் இந்தியாவும் பாகிஸ்தானும் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டன. அதை நேரில் பார்த்தவர்களில் இன்று எத்தனை பேரைத் தேடிப் பிடிக்க முடியும்? 2006இல் டாக்காவில் ஆசிய சவால் கிண்ண இறுதியாட்டம் வரை போய், தஜிகிஸ்தானிடம் தோற்ற நம் அணியைப் பற்றியாவது இப்போதே கேட்டு வைக்கலாம். 4-0 என்ற தோல்வியை மட்டும் நினைவில் வைத்து, அரையிறுதியில் நேபாளத்தை வென்றதை மறந்துவிடுகிறோம்.

ஞாயிறு இதழின் விளையாட்டுப் பக்கத்தில் வாரம் ஒரு பழைய வீரருக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். புகழுரை வேண்டாம். எந்தத் தெருவில் பந்து உதைக்கத் தொடங்கினார், எந்தக் கழகத்துக்கு ஆடினார், மறக்க முடியாத ஆட்டம் எது என்று அவர் வாயாலேயே சொல்லட்டும். பார்த்த இரசிகர்களும் எழுதட்டும். முரண்பட்டால் இரண்டையும் போடுங்கள். உதைபந்தாட்ட சம்மேளனமும் தன்னிடம் உள்ள ஆட்டப் பதிவுகளையும் படங்களையும் பொதுமக்கள் பார்க்கத் தர வேண்டும்.

என்னிடம் அந்தக் காலப் பத்திரிகை நறுக்குகள் சில இருக்கின்றன. ஓரங்கள் உதிரத் தொடங்கிவிட்டன. எழுத்து இன்னும் தெளிவாகத்தான் இருக்கிறது. சொன்னால் தங்கள் அலுவலகத்துக்கு நானே கொண்டுவந்து தருகிறேன். படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்தால் போதும்.

இப்படிக்கு,
பழைய இரசிகன்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.